ஸ்விட்ச், ரிலே பழுது: அறிகுறியை வைத்துத் தேடும் முறை

"வோல்டேஜ் வரல, பாருங்க" என்றுதான் முக்கால்வாசிப் பேர் ஆரம்பிப்பார்கள். போய்ப் பார்த்தால் வோல்டேஜ் வந்துகொண்டுதான் இருக்கும். நடுவில் ஒரு திருகு தளர்ந்திருக்கும், அல்லது ஒரு கான்டாக்ட் (உள்ளே ஒட்டியும் பிரிந்தும் வேலை செய்யும் உலோக முனை) கரிப்பிடித்திருக்கும்.

ஸ்விட்ச் வோல்டேஜைக் கூட்டாது, குறைக்காது. சேர்க்கும், பிரிக்கும், அவ்வளவுதான். ரிலேயும் அதே ஜாதி. விரலுக்குப் பதிலாக ஒரு காயில், அதாவது கரண்ட் ஓடினால் காந்தமாகும் கம்பிச் சுருள், அழுத்துகிறது. அதனால் நான் எந்தப் பழுதுக்கும் முதலில் கேட்பது ஒரே கேள்வி: இதன் இரண்டு முனைகளுக்கும் நடுவே எத்தனை வோல்ட்? ஆனில் இருந்தால் ஏறத்தாழ பூஜ்யம் காட்ட வேண்டும். ஆஃபில் இருந்தால், பல்ப் மாட்டியிருக்கும்போது, வீட்டுக்கு வரும் முழு வோல்டேஜும் காட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது எண் வந்தால் பழுது அங்கேதான். கீழே 230 வோல்ட் ஏசி (மாறுதிசை மின்சாரம்) வரும் வீட்டை வைத்தே கணக்குச் சொல்கிறேன்.

## தொடங்கும் முன்

ஸ்விட்ச் போர்டைக் கழற்றும் முன் எம்.சி.பி.யை (அதிகக் கரண்ட் போனால் தானாக விழும் பிரேக்கர்) இறக்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அதன் வரும் முனையில் எப்போதும் கரண்ட் இருக்கும். டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்து எரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் வேலை செய்யப்போகும் இடத்தில் வையுங்கள். பிறகு மறுபடி முதல் இடத்தில். செத்த டெஸ்டரை நம்பி அடி வாங்கியவர்கள் நிறைய.

கரண்ட் இருக்கும்போதே அளக்க வேண்டிய சோதனைகளும் கீழே வருகின்றன. மல்டிமீட்டரைக் கையாண்டு பழக்கம் இல்லாதவர்கள் அவற்றை விட்டுவிடுங்கள். கருகல், தளர்வு, வாசனை எல்லாவற்றுக்கும் கரண்ட்டை அணைத்துவிட்டுப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

## அறிகுறி: ஒரு அறையில் பல்ப் பளீர், இன்னொன்றில் மங்கல்

இதை ஆராய வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

மூன்று ஃபேஸ் (கரண்ட் வரும் வயர்) வரும் இடத்தில் பொது நியூட்ரல் (கரண்ட் திரும்பும் வயர்) அறுந்தாலோ தளர்ந்தாலோ இப்படி ஆகும். ஒரு ஃபேஸில் 230 இருக்க வேண்டிய இடத்தில் 300க்கு மேலும் ஏறலாம், இன்னொன்றில் 100க்குக் கீழே இறங்கலாம். எந்த ஸ்விட்சும் இதற்குக் காரணமில்லை, எந்த ஸ்விட்சை மாற்றினாலும் தீராது. நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் டிவியும் ஃப்ரிட்ஜும் போய்விடும்.

## அறிகுறி: ஸ்விட்ச் பிளேட்டைத் தொட்டால் ஷாக்

இதற்கும் அதே பதில்தான்: எம்.சி.பி.யை இறக்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். சுவரில் ஈரம் இறங்கியிருக்கலாம். இரும்புப் பெட்டிக்குள் ஃபேஸ் வயரின் தோல் உரிந்து உரசிக்கொண்டிருக்கலாம். எதுவானாலும் எர்த்தும் சரியில்லை என்று அர்த்தம். எர்த் ஒழுங்காக இருந்தால் எம்.சி.பி.யோ ஆர்.சி.சி.பி.யோ (எர்த்துக்குக் கசிவு கண்டால் விழும் பிரேக்கர்) உங்களுக்கு முன்னால் முந்திக்கொண்டு விழுந்திருக்கும். பழுது ஒன்றல்ல, இரண்டு.

## அறிகுறி: ஸ்விட்ச் போட்டால் ஒன்றுமே நடக்கவில்லை

முதலில் பல்பை மாற்றிப் பாருங்கள். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் இதை விட்டுவிட்டு நானே போர்டைக் கழற்றியிருக்கிறேன். அடுத்து எம்.சி.பி. பாதி விழுந்த நிலையில் நிற்கிறதா என்று பாருங்கள். அதை முழுக்க இறக்கிவிட்டு ஏற்ற வேண்டும்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் ஸ்விட்சை ஆனில் வைத்து அதன் இரண்டு முனையிலும் டெஸ்டர் வையுங்கள்.

வரும் முனையில் எரிகிறது, போகும் முனையில் இல்லை. ஸ்விட்ச் போய்விட்டது. மாற்றுங்கள். கழற்றிச் சுரண்டிப் பழுதுபார்ப்பது வீண்வேலை.

இரண்டிலும் இல்லை. பழுது ஸ்விட்சுக்கு முன்னால். போர்டில் ஒரு ஸ்விட்சிலிருந்து அடுத்ததற்கு ஃபேஸை லூப் போட்டு எடுத்துச் சென்றிருப்பார்கள். அந்தத் துண்டு வயர் கழன்றிருக்கும். ஒரே போர்டில் வரிசையாக இரண்டு மூன்று ஸ்விட்ச் வேலை செய்யவில்லை என்றால் வேலை செய்கிற கடைசி ஸ்விட்சுக்கும் செய்யாத முதல் ஸ்விட்சுக்கும் நடுவில்தான் தேட வேண்டும்.

இரண்டிலும் எரிகிறது. ஸ்விட்ச் நல்லது, கை வைக்காதீர்கள். ஹோல்டரின் நடு முனை தட்டையாக அமுங்கி பல்பைத் தொடாமல் இருக்கலாம். இல்லையென்றால் நியூட்ரல்.

பிளக் பாயின்ட்டின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிகிறது. நியூட்ரல் அறுந்துவிட்டது. எங்கோ ஆனில் இருக்கும் ஒரு பல்ப் வழியாக ஃபேஸ் திரும்பி நியூட்ரல் வயருக்குள் வந்து நிற்கிறது. "ரெண்டு பக்கமும் கரண்ட் வருது, ஆனா எதுவும் ஓடல" என்று சொல்வார்களே, அது இதுதான். இரண்டு ஃபேஸ் கலந்துவிட்டது என்று பயப்படுவார்கள். எல்லா ஸ்விட்சையும் அணைத்து, பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு மறுபடி டெஸ்டர் வைத்தால் நியூட்ரல் ஓட்டையில் வெளிச்சம் போய்விடும், இல்லாவிட்டால் நன்றாக மங்கிவிடும். போர்டுக்குள் நியூட்ரல் இணைப்பு தளர்ந்திருந்தால் நீங்களே முறுக்கலாம். சுவருக்குள் போயிருந்தால் எலக்ட்ரீஷியன்.

ஒரு முறை ஒரே போர்டில் மூன்று ஸ்விட்சை மாற்றிவிட்டு, நாலாவதைக் கையில் எடுத்தபோதுதான் நியூட்ரல் தளர்ந்திருப்பதைக் கண்டேன். அதற்குப் பிறகு இந்த வரிசையை மாற்றுவதே இல்லை.

## அறிகுறி: ஸ்விட்ச் சுடுகிறது, கருகல் வாசனை, 'சர்ர்' சத்தம்

இதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். வேலைதான் செய்கிறதே என்று விட்டுவிடுவார்கள். வீட்டில் தீப்பிடிக்க வழி திறப்பது இந்த அறிகுறிதான்.

கணக்கு எளிது. 3000 வாட் கீஸர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 13 ஆம்பியர் இழுக்கும். ஸ்விட்சின் இரண்டு முனைகளுக்கும் நடுவே வெறும் 2 வோல்ட் விழுந்தால்கூட 26 வாட் சூடு ஸ்விட்சுக்குள்ளேயே உருவாகிறது. ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். பிளாஸ்டிக் பெட்டிக்குள் அதை மூடி வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதே 2 வோல்ட் 9 வாட் பல்புக்கு விழுந்தால் யாருக்கும் தெரியாது. அதனால்தான் சூடு எப்போதும் கீஸர், அயர்ன் பாக்ஸ், ஏசி, மோட்டார் ஸ்விட்சில் வருகிறது.

காரணங்களைச் செலவு குறைந்ததிலிருந்து பார்ப்போம்.

திருகு தளர்வு. எம்.சி.பி.யை இறக்கி, முனைத் திருகை முறுக்குங்கள். பல இழை வயர் என்றால் இழைகளை நன்றாகத் திரித்து உள்ளே விடுங்கள். இரண்டு இழை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மீதி இழைகள்தான் மொத்தச் சுமையையும் தாங்கும். வயர் முனை கறுத்திருந்தால் அந்த அளவுக்கு வெட்டி, புது செம்பு பளபளக்கும்வரை தோலுரித்து மாட்டுங்கள். கறுத்த முனையை அப்படியே முறுக்கினால் ஒரு மாதத்தில் மறுபடி வரும்.

ஸ்விட்சின் அளவு போதாது. 6 ஆம்பியர் ஸ்விட்சில் 13 ஆம்பியர் கருவியை ஓட்டினால் ஸ்விட்சைக் குறை சொல்ல முடியாது. 16 ஆம்பியர் ஸ்விட்ச் வேண்டும். கூடவே வயரையும் பாருங்கள். ஸ்விட்சைப் பெரிதாக்கிவிட்டு லைட்டுக்குப் போட்ட மெல்லிய வயரை விட்டுவைத்தால், சூட்டைக் கண்ணுக்குத் தெரியும் இடத்திலிருந்து சுவருக்குள் அனுப்பிவிட்டீர்கள் என்று பொருள்.

உள்ளே கான்டாக்ட் தேய்வு. ஸ்விட்சைப் பாதி அழுத்தி வைத்தால் 'சர்ர்' என்று கேட்கும். உள்ளே பொறி பறக்கிறது. மாற்றத்தான் வேண்டும்.

இங்கே மல்டிமீட்டரின் பீப் சத்தம் ஏமாற்றும். கழற்றிய ஸ்விட்சில் கன்டினியூட்டி வைத்து 'பீப்' வந்ததும் நல்லது என்று திரும்ப மாட்டுவார்கள். மீட்டர் அனுப்பும் கரண்ட் மிக மிகக் குறைவு, சில ஓம் தடை இருந்தாலும் பீப் அடித்துவிடும். அந்தச் சில ஓம்தான் 13 ஆம்பியரில் ஸ்விட்சை எரிக்கிறது. சோதனை செய்வதானால் கருவி ஓடும்போதே இரண்டு முனைகளுக்கும் நடுவே ஏசி வோல்ட் அளக்க வேண்டும். கால் வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. அரை வோல்ட்டைத் தாண்டினால் நான் அந்த ஸ்விட்சைத் திரும்ப மாட்டுவதில்லை.

வயரின் தோல் சுவருக்குள் போகும் இடம்வரை உருகிக் கெட்டியாகிப்போயிருந்தால் அங்கேயே நிறுத்திக்கொண்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: அணைத்த பிறகும் எல்.இ.டி. மங்கலாக எரிகிறது அல்லது சிமிட்டுகிறது

குண்டு பல்ப் காலத்தில் இந்தப் புகாரே கிடையாது. அதே கசிவு அப்போதும் இருந்தது. குண்டு பல்ப் எரிய அது போதவில்லை, எல்.இ.டி.க்கு அதுவே போதும்.

ஸ்விட்சில் சின்ன நியான் விளக்கு இருக்கிறதா? அணைத்திருக்கும்போது எரியும் அந்த விளக்கு, பல்ப் வழியாகத்தான் தன் சுற்றை முடித்துக்கொள்கிறது. மில்லி ஆம்பியருக்கும் குறைவான அந்தக் கரண்ட், பல்புக்குள் இருக்கும், மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெபாசிட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பும். நிரம்பியதும் ஒரு சிமிட்டல், மறுபடி நிரம்பல். நியான் இல்லாத ஸ்விட்சை மாட்டினால் தீர்ந்தது. ஆபத்து ஒன்றுமில்லை.

ஸ்மார்ட் ஸ்விட்சா? நியூட்ரல் இணைப்பு கேட்காத வகை என்றால் அது உயிரோடிருக்கவே பல்ப் வழியாகக் கொஞ்சம் கரண்ட் உறிஞ்ச வேண்டும். கூடவே கொடுத்த சின்னக் கெபாசிட்டர் துண்டைப் பல்புக்கு இணையாக மாட்டச் சொல்லியிருப்பார்கள். அதைத் தேவையில்லாத உதிரி என்று தூக்கி எறிந்திருப்பீர்கள். தேடி எடுத்து மாட்டுங்கள்.

சாலிட் ஸ்டேட் ரிலேயா (அசையும் கான்டாக்ட் இல்லாத எலக்ட்ரானிக் ரிலே)? அது அணைந்திருக்கும்போதும் சில மில்லி ஆம்பியர் கசியவிடும். அதன் இயல்பே அப்படி. எல்.இ.டி.க்குச் சாதாரண 'டக்' ரிலேதான் ஏற்றது.

இவை எதுவும் இல்லையென்றால் ஸ்விட்ச் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதுதான் இந்தப் பட்டியலில் ஆபத்தானது. பல்ப் அணைந்தாலும் ஹோல்டருக்குள் ஃபேஸ் நின்றுகொண்டே இருக்கும். பல்ப் மாற்றக் கை வைத்தால் ஷாக். கண்டுபிடிக்க ஒரு வழி: ஸ்விட்சை அணைத்து, டெஸ்டர் பளிச்சென்று எரியும் முனையைக் கண்டுகொள்ளுங்கள். இப்போது எம்.சி.பி.யை இறக்கி, பல்பைக் கழற்றிவிட்டு, எம்.சி.பி.யை ஏற்றி அதே முனையில் மறுபடி வையுங்கள். இன்னும் பளிச்சென்று எரிந்தால் ஸ்விட்ச் ஃபேஸில் சரியாக இருக்கிறது. பல்பைக் கழற்றியதும் வெளிச்சம் போய்விட்டால் ஸ்விட்ச் நியூட்ரலில் மாட்டப்பட்டிருக்கிறது. ஃபேஸும் நியூட்ரலும் எந்த இடத்தில் இடம் மாறின என்று தேடி மாற்றுவதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

ஸ்விட்ச் சரியான வயரில்தான் இருக்கிறது, ஆனாலும் எரிகிறது. பைப்புக்குள் நீண்ட தூரம் ஒன்றையொட்டி ஓடும் வயர்கள் தாமாகவே ஒரு கெபாசிட்டர் ஆகிவிடும். இந்த நிலையில் ஹோல்டரில் மல்டிமீட்டர் வைத்தால் 60, 80 வோல்ட் என்று காட்டிப் பயமுறுத்தும். அது பேய் வோல்டேஜ். குண்டு பல்ப் ஒன்றை மாட்டி, கூடவே அளந்தால் சட்டென்று பூஜ்யத்துக்குப் போய்விடும். ஈரம் கசிந்த சுவராக இருந்தால் மட்டும் அப்படி விட்டுவிடாதீர்கள்.

## அறிகுறி: போட்டவுடன் ட்ரிப்

எது விழுகிறது என்று பாருங்கள். எம்.சி.பி. என்றால் ஷார்ட் அல்லது அதிகச் சுமை. ஆர்.சி.சி.பி. என்றால் எங்கோ எர்த்துக்குக் கசிவு, வீடுகளில் பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் போதும் அது விழ. கருவியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஸ்விட்சைப் போடுங்கள். விழவில்லை என்றால் கருவியில் பழுது. அப்போதும் விழுந்தால் வயரிங்கில். விழுந்ததை விழ விழ ஏற்றிக்கொண்டிருக்காதீர்கள். இரண்டு முறைக்கு மேல் ஏற்றுவது சோதனை அல்ல, பிடிவாதம்.

## அறிகுறி: மாடிப்படி லைட் ஒரு ஸ்விட்ச் சொன்னால்தான் கேட்கிறது

டூ-வே ஸ்விட்சில் மூன்று முனை. ஒன்று பொதுமுனை, மற்ற இரண்டு ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முனைகள். சமீபத்தில் யாராவது ஸ்விட்சை மாற்றினார்களா என்று கேளுங்கள். ஆம் என்றால் பொதுமுனை வயரை இடம் மாற்றி மாட்டியிருப்பார்கள். நடு முனைதான் பொதுமுனை என்று எல்லாத் தயாரிப்பிலும் இருப்பதில்லை, பின்பக்கம் அச்சிட்டிருப்பதைப் படித்து மாட்டுங்கள். யாரும் தொடவில்லை என்றால் இரண்டு பேச்சு வயர்களில் ஒன்று கழன்றிருக்கும்.

## அறிகுறி: ஃபேன் 5இல் மட்டும் ஓடுகிறது

படிப்படியாகத் திரும்பும் ரெகுலேட்டரில் கடைசி எண் நேர் இணைப்பு. மற்ற எண்கள் உள்ளே இருக்கும் கெபாசிட்டர் வழியாகப் போகின்றன. அதனால் 5இல் மட்டும் ஓடினால் ரெகுலேட்டரை மாற்றுங்கள். 5இலும் மெதுவாகத்தான் ஓடுகிறது, கையால் சுற்றிவிட்டால் ஓடுகிறது என்றால் ரெகுலேட்டரைத் தொடாதீர்கள். ஃபேனிலுள்ள கெபாசிட்டர் வற்றிவிட்டது. அதில் எழுதியுள்ள அதே மைக்ரோ ஃபாரட், அதே வோல்ட்டில் புதிது போடுங்கள்.

## அறிகுறி: ரிலே 'டக்' என்கிறது, கருவி ஓடவில்லை

சத்தம் வந்தால் காயில் நல்லது. இனி தேட வேண்டியது கான்டாக்ட் பக்கம் மட்டும்.

ரிலே பலகையில் மூன்று திருகு முனை இருக்கும்: நடுவில் பொது, ஒரு பக்கம் சாதாரணமாகத் திறந்தது, மறுபக்கம் சாதாரணமாக மூடியது. திறந்ததற்குப் பதில் மூடியதில் மாட்டினால் எல்லாம் தலைகீழாக நடக்கும். அணைத்தால் எரியும், போட்டால் அணையும். இது பழுதே இல்லை, வயரை மாற்றி மாட்டினால் போதும்.

மாட்டியது சரி என்றால் கான்டாக்ட் கரிந்திருக்கும். ஸ்விட்சுக்குச் சொன்ன அதே சோதனைதான்: ரிலே இழுத்திருக்கும்போது பொதுவுக்கும் திறந்ததற்கும் நடுவே வோல்ட் அளங்கள். முழு 230 காட்டினால் கான்டாக்ட் சேரவே இல்லை. ரிலேயை மாற்றுங்கள்.

## அறிகுறி: ரிலே 'டகடக' என்று துடிக்கிறது

காயிலுக்குச் சாப்பாடு போதவில்லை. 12 வோல்ட் ரிலே இழுக்கப் பொதுவாக 9 வோல்ட்டாவது வேண்டும்.

ஐந்து வோல்ட் ரிலே பலகை என்றால் ஒவ்வொரு ரிலேயும் சுமார் 70 மில்லி ஆம்பியர் கேட்கும். நாலு ரிலே சேர்ந்து இழுத்தால் 280. அதை, ரிலேக்கு உத்தரவு கொடுக்கும் கன்ட்ரோலர் பலகையின் முனையிலிருந்து எடுத்தால் வோல்டேஜ் சரிந்து, கன்ட்ரோலர் ரீசெட் ஆகி, ரிலே விழுந்து, வோல்டேஜ் மீண்டு, மறுபடி இழுத்து, இப்படியே ஓடும். ரிலேக்குத் தனி அடாப்டர் கொடுங்கள்.

சில வருஷம் நன்றாக ஓடிய ஸ்மார்ட் பிளக்கோ டைமரோ துடிக்க ஆரம்பித்தால் அநேகமாக வோல்டேஜைக் குறைக்கும் ஃபிலிம் கெபாசிட்டர் தேய்ந்திருக்கும். பார்க்கப் புதிது போலவே இருக்கும், அளந்தால் எழுதியதில் பாதிகூட இருக்காது. இந்த வகைப் பலகை முழுவதிலும் மெயின்ஸ் ஓடுகிறது, குறைந்த வோல்ட் பகுதி என்று எதுவும் பாதுகாப்பானதல்ல. பழக்கமில்லாதவர்கள் கருவியை மொத்தமாக மாற்றிவிடுவது நல்லது.

ஏசி காயில் உள்ள கான்டாக்டர் (பெரிய சுமைக்கான பெரிய ரிலே) 'உர்ர்' என்று உறுமினால் இரும்பு முகங்களுக்கு நடுவே தூசி புகுந்திருக்கும். கரண்ட்டை அணைத்துத் துடைத்துப் பாருங்கள். உறுமலோடு விட்டுவிடாதீர்கள். இரும்பு முழுக்க ஒட்டாதவரை காயில் அதிகக் கரண்ட் இழுத்துச் சீக்கிரம் எரிந்துவிடும்.

## அறிகுறி: ரிலே அணைக்கச் சொன்னாலும் அணையவில்லை

ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் ரிலேயை லேசாகத் தட்டுங்கள். 'டக்' என்று விட்டால் கான்டாக்ட் ஒன்றோடொன்று பற்றவைத்துக்கொண்டிருந்தது என்று தெரிந்துவிட்டது. தட்டியது சோதனைதான், மருத்துவம் அல்ல. அடுத்த முறை மோட்டார் அணையாமல் தொட்டி வழிந்தோடும்.

காரணம் பெரும்பாலும் ரிலே மேல் எழுதிய 10 ஆம்பியரை நம்பியதுதான். அது ஹீட்டர் போன்ற சாதுவான சுமைக்குச் சொன்னது. ஓடும்போது 5 ஆம்பியர் எடுக்கும் மோட்டார், கிளம்பும்போது அதைப் போல் ஆறு மடங்கு இழுக்கும். எல்.இ.டி. விளக்குகள் பத்தை ஒரே ரிலேயில் போட்டாலும் போட்ட நொடியில் பெரிய இழுப்பு உண்டு. மோட்டாருக்கு ரிலே நேரடியாக வேண்டாம். ரிலே கான்டாக்டரை இழுக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இழுக்கட்டும்.

சோலார் பேட்டரி பக்கம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைப் பாருங்கள். அதே ரிலேயில் '250 வோல்ட் ஏசி, 30 வோல்ட் டிசி' என்று எழுதியிருக்கும். 50 ஹெர்ட்ஸ் ஏசி நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானாக அணையும். ஒரே திசையில் ஓடும் டிசியில் அந்த இளைப்பாறல் இல்லை, பொறி நீண்டுகொண்டே எரியும். 48 வோல்ட்தானே என்று சாதாரண வீட்டு ஸ்விட்சைப் போட்டு உருக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். டிசிக்கென்றே செய்த பிரேக்கர் வேண்டும்.

## அறிகுறி: ஸ்டெபிலைசர் ஓயாமல் 'டக் டக்'

வீட்டில் ரிலே நிஜமாகவே வோல்டேஜை மாற்றும் இடம் இது ஒன்றுதான். அதுவும் டிரான்ஸ்ஃபார்மரில் எந்தச் சுற்றிலிருந்து எடுப்பது என்று தேர்ந்தெடுத்துத்தான்.

எப்போதாவது டக். அதன் வேலையே அது. விடுங்கள்.

சில நொடிக்கு ஒரு முறை டக். கருவியை அணைத்து, வரும் வோல்டேஜை அளங்கள். பிறகு கருவியை ஓடவிட்டு அளங்கள். 230 இருந்தது ஏசி கிளம்பியதும் 195க்கு விழுந்து அங்கேயே நின்றால் ஸ்டெபிலைசர் நிரபராதி. பிளக், ஸ்விட்ச், எம்.சி.பி. திருகு, வயர் என்று வரும் வழியில் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது, இல்லாவிட்டால் வயர் மெல்லிசு. எது சுடுகிறதோ அங்கே தேடுங்கள்.

எண் காட்டுகிறது, வெளியே கரண்ட் இல்லை. ஒரு மூன்று நிமிடம் பொறுங்கள். கம்ப்ரெசரைக் காக்க வேண்டுமென்றே தாமதிக்கும். அதற்குப் பிறகும் இல்லையென்றால் வெளியீட்டு ரிலே.

வெளியே வரும் வோல்டேஜ் உள்ளே வருவதைவிட எப்போதும் அதிகம், உள்ளே 240 இருந்தாலும்கூட. ஏற்றிவிடும் ரிலே ஒட்டிக்கொண்டுவிட்டது. உடனே பிளக்கைப் பிடுங்கி, கருவியை அதிலிருந்து பிரித்துவிடுங்கள். உள்ளே இருப்பது ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர், மெயின்ஸிலிருந்து பிரிக்கப்படாதது. மூடியைத் திறக்காமல் சர்வீஸுக்குக் கொடுங்கள். ரிலேயை மாற்றும்போது மற்ற ரிலேக்களையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். ஒரே வயதுக்காரர்கள், அடுத்தது வெகு நாள் தாங்காது.